தலைச்சனும் கடைக்குட்டியும்: பிறப்பு வரிசையும் மன அழுத்தமும்

பிறப்பு வரிசை என்பது ஒருவர் தம் பெற்றோருக்கு எத்தனையாவது பிள்ளை என்பதைச் சொல்லும் எளிய எண். அந்த எண்ணைக் கொண்டே குணத்தைக் கணிக்கும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. தலைச்சன் பொறுப்பானவன், ஆனால் எளிதில் கலங்கிப்போவான். நடுவில் பிறந்தவன் அனுசரித்துப் போவான். கடைக்குட்டி எதற்கும் அசரமாட்டான். இப்படிக் கோயம்புத்தூரில் சொல்லப்படுவதற்கும் வியன்னாவில் சொல்லப்படுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. நெருக்கடி வரும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை இந்த எண் உண்மையிலேயே தீர்மானிக்கிறதா என்று நூறாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். இதுவரை திரண்டிருக்கும் விடை, எண்ணுக்கென்று தனியாக உள்ள செல்வாக்கு மிகச் சிறியது என்பதே. அந்த எண்ணோடு சேர்த்து வீடு ஒப்படைக்கும் கடமைகளும், அவற்றைச் சுமப்பவருக்கு அவற்றின் மீது எவ்வளவு பிடி இருக்கிறது என்பதும் அதைவிடப் பெரிய விஷயங்கள். ஐந்தாறு பிள்ளைகள் இருந்த வீடுகள் மூன்று தலைமுறைக்குள் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வந்துவிட்ட கொங்கு நாட்டில் இது தெளிவாகவே தெரிகிறது.

மன அழுத்தம் என்பது மனத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஆபத்தோ அவமானமோ நெருங்கும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அவை கார்டிசோல் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகின்றன. இதற்கு முன்பே, சில நொடிகளுக்குள், அட்ரினலின் பாய்ந்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறியிருக்கும். இந்த உடல் எதிர்வினையை ஹான்ஸ் செல்யே 1936இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய சிறு குறிப்பு ஒன்று தனி ஆய்வுத் துறையாக வளர்த்தது. ஆய்வுக்கூடத்தில் இதை அளப்பதற்கு 1993இல் ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் ஒரு முறை வகுத்தார்கள். முகம் தெரியாத நடுவர்களின் முன் ஒருவர் ஐந்து நிமிடம் பேச வேண்டும். பிறகு 1022இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும், தப்பினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நடுவர்கள் சிரிக்கவும் மாட்டார்கள், தலையாட்டவும் மாட்டார்கள். எச்சிலில் கார்டிசோல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்பது அழுத்தத்துக்கு அந்த உடல் தரும் பதில். ஏறுவதில் கெடுதல் இல்லை. இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் மாதக்கணக்கில் உயர்ந்தே இருப்பதுதான் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் உறக்கத்துக்கும் கேடு.

பிறப்பு வரிசையை உளவியலுக்குள் கொண்டுவந்தவர் வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் அட்லர் (1870–1937). அவரே இரண்டாவது பிள்ளை. தலைச்சன் பிள்ளை சில காலம் வீட்டின் அரசனாக இருந்து, தம்பியோ தங்கையோ பிறந்ததும் அரியணை இழக்கிறது என்றார். அந்த இழப்பின் தடம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து, இருப்பது கைவிட்டுப் போகுமோ என்ற பதற்றத்தைத் தருகிறது என்பது அவர் கருத்து. தம் மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பார்த்து அவர் சொன்னது இது. எண்ணிப் பார்த்துச் சோதித்ததன்று.

சோதித்துப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஷாக்டர். மின்னதிர்ச்சி கொடுக்கப்போவதாகச் சொல்லி மின்னசோட்டா பல்கலைக்கழக மாணவிகளைப் பயப்பட வைத்து, கருவி தயாராகும் வரை தனியாகக் காத்திருக்கிறீர்களா, மற்றவர்களோடு காத்திருக்கிறீர்களா என்று கேட்டார். உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி தரப்படவில்லை. மிகவும் பயந்தவர்களில், தலைச்சன்களும் ஒற்றைப் பிள்ளைகளுமாக இருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் துணையோடு காத்திருக்க விரும்பினார்கள். பின்னால் பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அப்படி விரும்பினார்கள். 1959இல் வெளியான இந்த முடிவுக்கு ஷாக்டர் தந்த விளக்கம் எளிமையானது. முதல் பிள்ளை அழுதால் தாய் ஓடிவருகிறாள், நான்காவது பிள்ளை அழும்போது அவளுக்கு வேறு மூன்று வேலைகள் இருக்கின்றன. ஆகவே பயம் வந்தால் ஆறுதல் தருபவரைத் தேடும் பழக்கம் முதல் பிள்ளையிடம்தான் வேரூன்றுகிறது. அழகான விளக்கம். ஆனால் இந்தப் பரிசோதனையில் கலந்துகொண்டவர்கள் ஒரே பல்கலைக்கழகத்தின் மாணவிகள்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். துணை தேடுவதும் கலங்கிப்போவதும் ஒன்றாகா என்பதும் முக்கியம். ஆபத்தில் ஆள் தேடுவது பல நேரம் தாக்குப்பிடிக்கும் வழியே.

1996இல் ஃபிராங்க் சல்லோவே வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார். பெற்றோரின் கவனத்துக்கும் சொத்துக்கும் பிள்ளைகள் போட்டியிடுகிறார்கள். மூத்தவர் இருப்பதைக் காப்பவராகவும் இளையவர் புதியதைத் தேடி முரண்டுபவராகவும் ஆகிறார்கள் என்பது அவர் வாதம். ஐரோப்பிய அறிவியலாளர்களின், சீர்திருத்தவாதிகளின் வாழ்க்கை வரலாறுகளே அவருக்குச் சான்று. இங்கேதான் நிலமும் முறையும் குறுக்கிடுகின்றன. இங்கிலாந்தின் பெருநிலக் குடும்பங்களில் பண்ணை முழுவதும் மூத்த மகனுக்குப் போகும். இளையவர் படைக்கோ திருச்சபைக்கோ கடல்கடந்தோ போக வேண்டியிருந்தது. கொங்கு நாட்டில் அப்பன் சொத்து அண்ணன் தம்பிகளுக்குச் சமமாகப் பிரிந்தது. பெண்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாடு 1989இல் சட்டத்தைத் திருத்தியது. அண்ணன் தம்பிகளுக்குள் சொத்து சமமாகப் பிரிந்ததற்குக் கோயம்புத்தூரின் புகழ்பெற்ற பாகப்பிரிவினையே சான்று. பீளமேட்டின் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்து சம பங்குகளாக்கி, ஐந்தாம் பங்கை அறத்துக்கு ஒதுக்கினார்கள். பி.எஸ்.ஜி. அறநிலையமும் அதன் கல்லூரிகளும் மருத்துவமனையும் அந்தப் பங்கிலிருந்து வளர்ந்தவை. மூத்தவருக்கு ஒரு பிடி கூடுதல் என்பது அந்தக் கணக்கில் இல்லை. சொத்தில் வரிசை செல்லாத ஊருக்கு, சொத்துப் போட்டியை அடிப்படையாகக் கொண்ட கோட்பாடு அப்படியே பொருந்தாது.

ஆனால் வரிசை கொங்கு மக்களின் கற்பனையில் ஆழமாக இருக்கிறது. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில் அண்ணன் பொன்னர் நிதானம், நீதி, பொறுமை. தம்பி சங்கர் சினம், வேகம், வாள். நெருக்கடி வந்தால் அண்ணன் யோசிக்கிறார், தம்பி பாய்கிறார், வரப்போவதை முன்கூட்டியே உணர்பவள் தங்கை. 1960களில் காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் பிரெண்டா பெக் இந்தக் கதையை ஒலிப்பதிவு செய்து, 1982இல் வெளியிட்ட நூலுக்கு மூன்று இரட்டையர் என்று பொருள்படும் பெயர் வைத்தார். மூவரையும் ஒரே சூலில் பிறந்தவர்களாகவே அந்தப் பாட்டு சொல்கிறது. அதாவது அண்ணன் தம்பி இடைவெளி சில நாழிகை. அவ்வளவு சிறிய இடைவெளிக்கே இரண்டு எதிரெதிர் குணங்களைக் கதை பொருத்துகிறது. அரசாளும் பொறுப்பு ஒருவருக்கு, காவல் பொறுப்பு மற்றவருக்கு என்று வேலை பிரிந்ததும் குணமும் பிரிந்துவிடுகிறது. வரிசையை விதியாகக் கருதும் கோட்பாடுகளைவிட இந்த நாட்டார் கதை உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது.

இந்த நம்பிக்கை எல்லா வீடுகளிலும் மெய்ப்படுவதாகத் தோன்றுவதற்குக் காரணங்கள் உண்டு. பதினாறு வயது அக்காவையும் பத்து வயது தம்பியையும் ஒரே நாளில் ஒப்பிட்டால் அக்கா பொறுப்பானவளாகவும் கவலைப்படுபவளாகவும்தான் தெரிவாள். அது வயதின் வேறுபாடு. தம்பி பதினாறு வயதில் எப்படி இருக்கிறான் என்பதை அக்கா பதினாறு வயதில் எப்படி இருந்தாள் என்பதோடு வைத்துப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையானது. ஒரே நாளில் அது நடக்காத காரியம். பெற்றோர் தம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்வதைக் கொண்டு நடத்திய ஆய்வுகள் இதனாலேயே பெரிய வேறுபாடுகளைக் கண்டன.

இரண்டாவது பொறி இன்னும் ஆழமானது. தலைச்சன் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். நான்காவது பிள்ளை பெரிய குடும்பத்தில் மட்டுமே இருக்கிறார். பெரிய குடும்பங்கள் சராசரியில் வருமானமும் படிப்பும் குறைந்தவை. ஆகவே தலைச்சன்களையும் நான்காவது பிள்ளைகளையும் ஒப்பிடும் ஆய்வு, தெரியாமலே வசதியான வீடுகளையும் வசதியற்ற வீடுகளையும் ஒப்பிடுகிறது. கொங்கு நாட்டில் இதோடு தலைமுறையும் கலந்துவிடும். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஏறத்தாழ நான்கு பிள்ளைகள். 2000ஆம் ஆண்டையொட்டி அது இரண்டுக்குச் சற்று மேல் என்ற மாற்றீட்டு அளவுக்கு இறங்கியது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில் 1.8. கோயம்புத்தூர், ஈரோடு பகுதிகள் இந்த இறக்கத்தில் முன்னால் சென்றவை. இன்று அங்கே நான்காவது பிள்ளையாகப் பிறந்தவர்களைத் தேடினால் கிடைப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள், கிணற்றுப் பாசனத்திலும் கஞ்சியிலும் வளர்ந்தவர்கள். அவர்களையும் இருபது வயதுத் தலைச்சனையும் ஒரே அட்டவணையில் வைத்து வரிசையின் விளைவு என்று எதையும் சொல்ல முடியாது.

இந்தப் பொறிகளை விலக்கிச் செய்த ஆய்வுகளின் முடிவு ஏறக்குறைய ஒரே திசையில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் செசில் எர்ன்ஸ்ட், ஜூல்ஸ் ஆங்ஸ்ட் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசியதோடு, சூரிச் பகுதி இளைஞர்கள் 7,582 பேரையும் ஆராய்ந்து, குணத்தில் வரிசையின் பங்கு சொல்லும்படியாக இல்லை என்று 1983இல் எழுதினார்கள். 2015இல் ரோடிகா டேமியனும் பிரென்ட் ராபர்ட்ஸும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,77,000 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். வரிசைக்கும் குணத்துக்கும் உள்ள சராசரித் தொடர்பு 0.02. முழுத் தொடர்பு 1, தொடர்பே இல்லாவிட்டால் 0 என்னும் அளவுகோலில் இது கண்ணுக்குத் தெரியாத அளவு. அதே ஆண்டில் ஜூலியா ரோரரும் இரண்டு சகாக்களும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டும் பார்த்தார்கள். கவலை, பதற்றம், மனநிலை தடுமாறுதல் ஆகியவற்றை அளக்கும் உணர்ச்சிநிலைத்தன்மையில் மூத்தவருக்கும் இளையவருக்கும் வேறுபாடு இல்லை. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் மட்டும், ஒவ்வொரு படி கீழே செல்லச் செல்ல, ஒன்றரைப் புள்ளி அளவுக்கு மெல்லிய இறக்கம் இருந்தது.

மாறுபட்ட குரல் ஸ்வீடனிலிருந்து வந்தது, அதைத் தள்ளிவிட முடியாது. அங்கே கட்டாய இராணுவச் சேர்க்கைக்கு வந்த இளைஞர்கள் ஒவ்வொருவரையும் ஓர் உளவியலாளர் நேரில் பேசிப்பார்த்து, போர்க்கால நெருக்கடியைத் தாங்குவாரா என்று மதிப்பெண் இட்டார். எல்லோருக்கும் ஏறத்தாழ பதினெட்டு வயதில் சோதனை என்பதால் வயதுப் பொறி இல்லை. சாண்ட்ரா பிளாக்கும் ஸ்வீடன் பொருளாதார ஆய்வாளர்கள் இருவரும் 2018இல் வெளியிட்ட முடிவின்படி, முன்னால் பிறந்த ஆண்கள் உணர்ச்சியில் நிலையானவர்கள், விடாமுயற்சி கூடியவர்கள், பொறுப்பேற்கத் தயங்காதவர்கள். மூத்தவர் எளிதில் கலங்குவார் என்ற நம்பிக்கைக்கு இது நேர் எதிர். வேறுபாட்டுக்குக் காரணம் கருப்பையில் இல்லை, பிறந்த பிறகு வீட்டில் இருக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். பின்னால் பிறந்தவர்களோடு பெற்றோர் செலவிட்ட கவனம் குறைவாக இருந்தது. இதற்குப் பதினோராண்டு முன்பே, 2007இல், நார்வேயின் பெட்டர் கிறிஸ்டென்சனும் டோர் பியர்கெடாலும் அறிவுத்திறன் பற்றி இதே வகையான ஒன்றைக் கண்டிருந்தார்கள். இரண்டாவதாகப் பிறந்து, மூத்த பிள்ளை குழந்தையிலேயே இறந்துபோனதால் வீட்டின் மூத்தவராக வளர்ந்தவர்களின் மதிப்பெண் தலைச்சன்களுக்கு நிகராக இருந்தது. வீட்டில் வகித்த இடம் பேசுகிறது, பிறந்த எண் பேசவில்லை.

உடலில் மட்டும் ஒரு விதிவிலக்கு. முதல் கருவின்போது கருப்பையின் சுருள் தமனிகள் முழுமையாக விரிந்து கொடுப்பதில்லை. அடுத்த கருவுக்கு அவை பழகியிருக்கும். தலைச்சன் குழந்தையின் எடை சராசரியில் சற்றுக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆக்லாந்தில் எண்பத்தைந்து சிறுவர் சிறுமியரை ஆராய்ந்த குழு, தலைச்சன்களின் உடல் இன்சுலினுக்கு 21 சதவீதம் குறைவாகச் செவிசாய்ப்பதாகவும் பகல்நேர இரத்த அழுத்தம் 4 மி.மீ. கூடுதலாக இருப்பதாகவும் 2013இல் எழுதியது. சிறிய ஆய்வுதான் என்றாலும், கருவில் கிடைக்கும் ஊட்டம் பிற்கால உடலை வடிவமைக்கிறது என்ற பெரிய ஆய்வு மரபோடு அது இணைகிறது. அந்த மரபின் முக்கியமான இந்திய இடம் திம்பம் மலைப்பாதைக்கு அப்பால் இருக்கும் மைசூரு. அங்குள்ள ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனை 1934 முதல் பிறப்பெடைகளைப் பதிந்து வைத்திருந்தது. அந்த ஏடுகளைக் கொண்டு, குறைந்த எடையில் பிறந்தவர்களுக்கு நடுவயதில் இதயநோய் கூடுதல் என்று 1996இல் காட்டினார்கள். பிறகு 1997–98இல் அதே மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, அவர்கள் பதின்ம வயதை அடைந்தபோது, ட்ரியர் முறையின் சிறார் வடிவத்தைக் கொண்டு அழுத்த எதிர்வினையை அளந்தார்கள். தாய்க்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்த பிள்ளைகளின் இதயமும் இரத்தக்குழாய்களும் அழுத்தத்துக்குக் கூடுதலாக எதிர்வினை காட்டின. ஒருவர் எத்தனையாவது பிள்ளை என்பதைவிட, அவரைச் சுமந்தபோது தாயின் உடல் எப்படி இருந்தது என்பது அழுத்தச் சுரப்பிகளுக்கு நெருக்கமான சேதி.

இந்தியாவில் வரிசை உடலில் பதியும் வழி இன்னொன்று உண்டு, அது வேதனையானது. சீமா ஜெயச்சந்திரனும் ரோகிணி பாண்டேவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் இந்தியக் குழந்தைகளின் உயரத்தைச் சஹாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்க நாடுகளின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இந்தியத் தலைச்சன்கள் பின்தங்கவில்லை. இரண்டாவது பிள்ளையில் இடைவெளி தொடங்கி மூன்றாவதில் பெருகியது. மூத்த மகனுக்குத் தரும் முன்னுரிமையே இதன் வேர் என்பது அவர்கள் வாதம். பெண்குழந்தைகளில் இது உயிர்ப் பிரச்சினையாகவே இருந்தது. சேலம், தருமபுரி வட்டாரங்களில் பெண்சிசுக் கொலை பரவியிருந்த காலத்தில், முதல் பெண் குழந்தையைவிட இரண்டாவதாக, மூன்றாவதாகப் பிறந்த பெண் குழந்தைக்கே ஆபத்து அதிகம். தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு 1992இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கியது இந்தச் சிசுக்கொலையைத் தடுக்கத்தான். பிறப்பு வரிசையைக் குணச் சாத்திரமாக மட்டும் பேசுபவர்கள் இந்தப் பெண்களை மறந்துவிடுகிறார்கள்.

எண் சிறிது, இடம் பெரிது என்றால், இடம் எப்படி உடலுக்குள் போகிறது? கென்யாவின் காட்டுப் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி 2005இல் தொகுத்துச் சொன்னது இங்கே உதவும். கூட்டத்தில் மேலே இருப்பவருக்கு அழுத்தம் குறைவு, கீழே இருப்பவருக்கு அதிகம் என்ற பொதுவிதி கிடையாது. பதவி நிலையாக இருந்து, மேலிருப்பவர் கீழிருப்பவரை வதைக்கும் கூட்டத்தில் கீழிருப்பவரின் கார்டிசோல் உயர்கிறது. பதவிக்குச் சண்டை நடக்கும் காலத்தில் மேலிருப்பவருடையது உயர்கிறது. சில இனங்களில் பதவியைக் காப்பதே பெரும் உழைப்பு என்பதால் தலைமைக்கே எப்போதும் சுமை. பதவிக்கு அந்தச் சமூகத்தில் என்ன பொருள் என்பதுதான் உடலுக்குத் தெரிகிறது. மனித வேலைகளைப் பற்றி ராபர்ட் கராசெக் 1979இல் சொன்னதும் இதற்குப் பக்கத்தில் நிற்கிறது: பளு அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலையே ஆளை உருக்குகிறது. பளு அதிகம், உரிமையும் அதிகம் என்றால் அதே ஆள் அதில் வளர்கிறார்.

கொங்கு வீடுகளின் மூத்தவர்களை இந்த அளவுகோலால் பார்க்கலாம். பண்ணையத்தில் அப்பனுக்கு அடுத்து நிற்பவர் மூத்த மகன். கிணற்றில் நீர் வற்றினால் ஆழ்குழாய் போடுவதா, மாட்டை விற்பதா, வட்டிக்கு வாங்குவதா என்ற முடிவுகளின் நடுவில் அவர் இருக்கிறார். அப்பனுக்குக் கொள்ளி வைப்பவர் அவர், தங்கையின் கல்யாணக் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவரும் அவர். சுமை பெரிது. ஆனால் சொல்லுக்கு மதிப்பும் சேர்ந்தே வருகிறது. திருப்பூரின் பனியன் தொழிலை ஆராய்ந்து ஷரத் சாரி 2004இல் எழுதிய நூலின் தலைப்பே சகோதர மூலதனம் என்று பொருள்படுவது. காட்டு வேலையிலிருந்து கம்பெனித் தொழிலாளியாக வந்து, கூட்டுச் சேர்ந்து முதலாளியான கவுண்டர்களின் வரலாறு அது. ஒருவர் கட்டிங், ஒருவர் பவர்டேபிள், ஒருவர் கணக்கு என்று அண்ணன் தம்பிகளும் பங்காளிகளும் வேலையைப் பிரித்துக்கொள்ளும் கம்பெனியில், ஆர்டர் கைமாறிப்போனாலும் சாயப்பட்டறை மூடிக்கிடந்தாலும் அடி ஒருவர் தலையில் முழுதாக விழுவதில்லை.

மூத்த மகளின் நிலை வேறு. தாய் காட்டுக்குப் போனால் கைக்குழந்தையை இடுப்பில் ஏந்துபவள் அவள். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் ஏழைக் குடும்பத்துப் பதின்ம வயதுப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் வைத்து வேலை வாங்கின. முடிவில் ஒரு தொகை, அது கல்யாணத்துக்கு. மூத்தவள் மில்லுக்குப் போனால் அடுத்தவர்களின் படிப்பு நிற்காது என்ற கணக்கு எத்தனையோ வீடுகளில் போடப்பட்டது. இரவு ஷிஃப்ட், பஞ்சுத்தூசி, வெளியே போகத் தடை, தன் கூலியைத் தான் தீர்மானிக்க முடியாமை: கராசெக் சொன்ன மோசமான சேர்க்கை முழுவதும் இங்கே இருக்கிறது. அவளும் மூத்தவள்தான், அந்தப் பண்ணையக்காரரும் மூத்தவர்தான். இருவரின் கார்டிசோலையும் ஒரே கட்டத்தில் போட்டுச் சராசரி எடுத்தால் கிடைப்பது எவரைப் பற்றியும் உண்மை சொல்லாத எண். உலகின் பெரிய ஆய்வுகளில் வரிசையின் விளைவு பூஜ்யத்தை ஒட்டி வருவதற்கு இத்தகைய எதிரெதிர் வாழ்க்கைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

இந்த வரிசையே இப்போது கரைந்துகொண்டிருக்கிறது. ஈரோட்டில் பிறந்த பெரியார் 1930களிலேயே கருத்தடையை வலியுறுத்தினார். நிலம் துண்டுதுண்டாகப் போகக்கூடாது என்ற எண்ணம், பிள்ளையைப் பெரிய படிப்பு படிக்கவைக்கும் ஆசை, பெண்களின் கல்வி எல்லாம் சேர்ந்து ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் வழக்கத்தைக் கொங்கு நாட்டில் நிலைநாட்டின. நடுப்பிள்ளை என்ற இடமே பெரும்பாலான வீடுகளில் இல்லை. கொங்கு வேளாளர் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தாள் செய்யும் இணைச்சீரை, உடன்பிறந்தாள் இல்லாததால் பெரியப்பா, சித்தப்பா மகளைக் கொண்டு நிறைவேற்றும் வீடுகள் உண்டு.

ஒற்றைப் பிள்ளை நெருக்கடியைத் தாங்காது, செல்லம் கெடுத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. டோனி ஃபால்போவும் டெனிஸ் போலிட்டும் 1986இல் 115 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனநிலையிலும் பிறரோடு பழகுவதிலும் ஒற்றைப் பிள்ளைகள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்களாக இல்லை. சாதிக்கும் ஊக்கத்தில் ஒரு படி மேலேயும் இருந்தார்கள். கவலைக்குரியது பிள்ளையின் குணத்தில் இல்லை, அதன் மேல் குவியும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் இதன் வெளிப்பாடு. மருத்துவ, பொறியியல் படிப்புகளுக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007இல் நீக்கப்பட்டுப் பிளஸ் டூ மதிப்பெண்ணே எல்லாமும் ஆனபோது, விடியுமுன் எழுப்பி இரவு வரை படிக்கவைக்கும் அந்த விடுதிகள் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை ஈர்த்தன. 2017இல் நீட் வந்தபின் அழுத்தம் தேர்வு மாறித் தொடர்ந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒருவர் தவறினால் இன்னொருவர் இருக்கிறார். ஒரே பிள்ளை உள்ள வீட்டில் பெற்றோரின் கடனும் கனவும் ஒரு மதிப்பெண் பட்டியலில் தொங்குகின்றன. அந்தப் பட்டியலின் மீது பிள்ளைக்குப் பாதிப் பிடியே உண்டு.

இந்தச் சுமை முப்பதாண்டு கழித்து வேறு வடிவில் திரும்புகிறது. பெற்றோர் படுத்துவிட்டால் கவனிப்பவர் யார் என்ற கேள்விக்கு முன்பு வரிசைப்படி விடை இருந்தது. மூத்தவர் பொறுப்பு, மற்றவர்கள் முறைபோட்டு உதவுவார்கள். இன்று ஓசூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் ஒரே மகளோ மகனோ அடிக்கடி வந்துபோக வேண்டியிருக்கிறது. நெடுநாள் கவனிப்பு உடலை என்ன செய்கிறது என்பதை அமெரிக்காவின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995இல் அளந்தது. நினைவிழந்த உறவினரைப் பராமரித்துவந்த பெண்களின் கையில் ஏற்படுத்திய சிறு காயம் ஆற, அதே வயதுடைய மற்றப் பெண்களைவிட ஒன்பது நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. மூத்தவரோ இளையவரோ, சுமையை ஒருவரே தாங்கும்போது உடல் அதற்கு விலை கொடுக்கிறது. 2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் வரிசையையும் பார்ப்பதில்லை, மகன் மகள் வேறுபாட்டையும் பார்ப்பதில்லை. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் ஒரு பிள்ளைமீது மட்டும் மனு வந்தால், பொறுப்புள்ள மற்ற உடன்பிறப்புகளையும் அந்த வழக்கில் சேர்க்கும்படி கேட்க அந்தப் பிள்ளைக்கு உரிமை உண்டு.